மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீரா?

கேள்வி: எங்கள் ஊர் ஓடையில் கலக்கும் ஆலைக் கழிவுநீரைப் பற்றிப் பேசப் போனோம். சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசித் தொட்டியில் மீன்கள் நீந்துவதைக் காட்டி, “மீனே உயிரோடு இருக்கிறது, வேறென்ன சான்று வேண்டும்?” என்றார்கள். உயிரினங்களை வைத்துத் தண்ணீரின் நஞ்சை அளக்க முடியுமா? அந்தத் தொட்டி சான்றாகுமா? நாங்களே ஏதாவது செய்து பார்க்கலாமா?

அளக்க முடியும். பல நாடுகளில் தினசரி வேலையாகவே செய்கிறார்கள், நம் நாட்டு விதிமுறையிலும் இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்த்த தொட்டி அந்தச் சோதனை இல்லை. கழிவுநீர் ஆய்வகம் ஒன்றில் பதினாறு வருடம் நீர்த்தெள்ளு என்ற சிறு நீருயிரியையும் மீன்குஞ்சையும் வளர்த்துச் சோதனை செய்தவன் நான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடுத்த முறை போகும்போது அந்தத் தொட்டியில் என்ன மீன் இருக்கிறது என்று பாருங்கள். நான் போன இடங்களில் பெரும்பாலும் ஜிலேபி இருந்தது. சில இடங்களில் கெளுத்தி, சில இடங்களில் கப்பி. ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். குளத்திலும் வாழும், உப்பங்கழியிலும் வாழும், பழக்கினால் கடல் நீரிலும் வாழும். ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். விரால், தேளி, பனையேறிக் கெண்டை போன்றவை மேலே வந்து காற்றையே விழுங்கிச் சுவாசிப்பவை, தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் அவற்றுக்குக் கவலை இல்லை. இப்படிப்பட்ட மீனை விட்டுத் தண்ணீரைச் சோதிப்பது, அடுப்படியிலேயே இருந்து கை காய்த்துப்போனவரிடம் பாத்திரம் சுடுகிறதா என்று கேட்பது போல. அவர் சுடவில்லை என்று சொல்வது உண்மைதான், ஆனால் குழந்தை அதைத் தொடலாமா என்பதற்கு அது பதில் ஆகாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தொட்டியில் நீங்கள் பார்ப்பவை பிழைத்த மீன்கள் மட்டும். எத்தனை விட்டார்கள், எத்தனை செத்தன, செத்ததை எடுத்துவிட்டு எப்போது புதிதாக விட்டார்கள் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா? கேளுங்கள். கழிவுநீர் அந்தத் தொட்டி வழியாகத்தான் ஓடுகிறதா, இல்லை போர்த் தண்ணீர் நிரப்பிய தனித் தொட்டியா என்பதையும் குழாயைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். இரவு பகலாக ஏரேட்டர் ஓடினால் ஆக்சிஜன் குறைபாடு மறைந்துபோகும். பல மாதம் அதே நீரில் கிடந்த மீன் அதற்குப் பழகியும் போயிருக்கும். ஓடையில் இருக்கும் மீனுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

சரி, உயிர்களை ஏன் கூப்பிட வேண்டும், வேதிச் சோதனை போதாதா என்று கேட்பார்கள். போதாது. ரசாயனச் சோதனை நாம் தேடிய பொருளைப் பற்றித்தான் பேசும். தேடாததைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சாயம், தோல், மருந்து என்று எந்த ஆலையாக இருந்தாலும் அதன் கழிவில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கும். ஆய்வறிக்கையில் வருவது பத்து இருபது வரிகள். அந்த வரிகள் எல்லாம் தேறினாலும் தண்ணீர் கொல்லலாம்.

குளோரினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பொது வெளியேற்ற விதிமுறைப்படி எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். நன்னீர் உயிர்கள் குறுகிய காலம் தாங்கும் அளவாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருப்பது 0.019 மில்லிகிராம். ஏறக்குறைய ஐம்பது மடங்கு வித்தியாசம். கிருமி கொல்லப் போட்ட குளோரின் முறிக்கப்படாமல் வெளியே வந்தால், அறிக்கையில் “வரம்புக்குள்” என்று இருக்கும், ஓடையில் மீன்குஞ்சு வயிற்றைக் காட்டி மிதக்கும்.

அம்மோனியா இன்னும் நுணுக்கமான விஷயம். தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கிறது. மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. மின்னேற்றம் இல்லாத அம்மோனியா செவுளைக் கடந்து உள்ளே போய்விடும். 25 டிகிரி வெப்பத்தில், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் நஞ்சு வடிவம். பி.எச். 8-ல் சுமார் 5 சதவீதம். பி.எச். 9-ல் 36 சதவீதம். அதாவது அம்மோனியாவின் மொத்த அளவு ஒரு சொட்டுக்கூட ஏறாமல், பி.எச். மட்டும் 7-லிருந்து 9-க்குப் போனால் நஞ்சு அறுபது மடங்காகிறது. காகிதத்தில் இரண்டு வரிகளாகத் தனித்தனியே தேறிப்போவது மீனின் செவுளில் ஒன்றாகச் சேர்ந்து தாக்குகிறது.

இதை நம் விதி எழுதியவர்களும் உணர்ந்திருந்தார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-ன் கீழ் வரும் பொதுத் தரங்களில் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30, சி.ஓ.டி. (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250 என்றெல்லாம் வரும் பட்டியலிலேயே உயிர்ச் சோதனைக்கும் ஒரு வரி உண்டு: நீர்த்துப்போகச் செய்யாத, நூறு சதவீதக் கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். உங்களிடம் தொட்டியைக் காட்டியவர்கள் இந்த வரியைத்தான் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வரியை நிறைவேற்ற ஒரு முறை இருக்கிறது. ஒரே அளவுள்ள, ஒரே இடத்தில் வளர்ந்த மீன்கள், எண்ணி விட்டவை, நேரம் குறித்தவை, பக்கத்திலேயே நல்ல தண்ணீரில் அதே எண்ணிக்கை மீன்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டைக் கட்டுப்பாடு என்போம். அது இல்லாத சோதனையை நான் சோதனை என்றே எடுத்துக்கொள்வதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆய்வகத்தில் நாங்கள் மீனைவிட அதிகம் நம்பியது டாஃப்னியாவை. நீர்த்தெள்ளு என்று பெயர், ஆனால் தெள்ளுப்பூச்சிக்கும் அதற்கும் உறவில்லை. இறால், நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் குஞ்சுகளுக்குத் தீனியாக விற்கும் மொய்னாவுக்கு நெருங்கிய உறவு. வளர்ந்தாலும் அரை சென்டிமீட்டர்தான். உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் முதுகோரம் இதயம் படபடவென்று அடிப்பது தெரியும். பாசி தின்ற குடல் பச்சை நூலாக வளைந்து ஓடும். முதுகுப் பையில் குஞ்சுகள் கறுப்புக் கண்ணோடு அசையும். வளமாக இருக்கும்வரை எல்லாமே பெண்கள், ஆண் இல்லாமலே குஞ்சு பொரிக்கும். நெருக்கடி வந்தால்தான் ஆண் பிறக்கும், முதுகில் கறுப்புச் சேணம் போல உறங்குமுட்டைப் பெட்டி தோன்றும். ஒரு ஜாடியில் அந்தச் சேணம் கண்ணில் பட்டால் அந்த ஜாடிக் குஞ்சுகளை நாங்கள் சோதனைக்கு எடுப்பதில்லை. ஏற்கெனவே சங்கடத்தில் இருக்கும் உயிரிடம் வேறு தண்ணீரைப் பற்றிக் கேட்கக் கூடாது.

காலையில் முதல் வேலை, இரவில் பிறந்த குஞ்சுகளைப் பிரிப்பது. 24 மணி நேரத்துக்கும் குறைந்த வயதாக இருக்க வேண்டும். நுனி அகலமான கண்ணாடிக் குழாயால் ஒவ்வொன்றாக எடுத்து, நீர்ப்பரப்புக்குக் கீழே விட வேண்டும். மேலிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்று புகுந்து மிதந்துபோகும், வீணாகச் சாகும். ஒரு பீக்கருக்கு ஐந்து, ஒரு நீர்த்தலுக்கு நான்கு பீக்கர். கழிவுநீர் முழுதாக, பாதியாக, காலாக, அரைக்காலாக, அதற்கும் பாதியாக. இவற்றோடு நல்ல தண்ணீர் நான்கு பீக்கர். தீனி கிடையாது. 24 மணியிலும் 48 மணியிலும் பீக்கரை மெல்ல ஆட்டிவிட்டு 15 விநாடி பார்ப்போம். அதற்குள் நீந்தாதவை முடங்கியவை என்று கணக்கு. பாதி உயிர்கள் எந்த நீர்த்தலில் முடங்குகின்றன என்பதுதான் விடை. கழிவுநீர் 25 சதவீதம் இருக்கும்போதே பாதி முடங்கினால் அதை 4 நச்சு அலகு என்போம்: நான்கு மடங்காக விரித்த பிறகும் பாதி உயிரை வீழ்த்தும் தண்ணீர்.

இங்கே உங்கள் ஓடையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாடுகளில் கழிவுநீர் பெரிய ஆற்றில் கலந்து விரியும் என்ற கணக்கில் பல விதிகள் எழுதப்பட்டவை. நம் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் பல ஓடைகளில் வேறு தண்ணீரே கிடையாது, கழிவுநீர்தான் ஓடை. அப்போது விரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. நூறு சதவீத நீரில் என்ன நடக்கிறது என்று நம் விதி கேட்பதை அதனால்தான் நான் மதிக்கிறேன்.

கட்டுப்பாடு ஏன் முக்கியம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மழைக்காலம். நல்ல தண்ணீர் பீக்கரில் பத்தில் ஒன்றுக்கு மேல் முடங்கக் கூடாது, முடங்கினால் அந்தச் சோதனை செல்லாது. அந்த வாரம் இருபதில் பதினான்கு அடியில் கிடந்தன. தண்ணீரை மாற்றினோம், பாசியை மாற்றினோம், புதிதாக வாங்கிய ரப்பர் குழாயைக் கழற்றி வீசினோம். ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை சற்று முன்னதாகவே போனேன். வளர்ப்பு அறை வாசலில் இரவுக் காவல் அண்ணன் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். அறைக்குள் சுவரோரம் சிவப்பு விளக்கு எரிந்தது. கொசு தாங்காமல், ஏ.சி. அறைக்குள் கொசுவிரட்டித் திரவத்தைச் செருகியிருந்தார். அதில் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. மனிதருக்கு ஒன்றும் தெரியாத அளவு, நீர்த்தெள்ளுக்கு மரணம். காற்றில் வந்து தண்ணீரில் இறங்கியதை எங்கள் கருவி எதுவும் சொல்லவில்லை, நீர்த்தெள்ளுகள் சொல்லின. அந்த வார முடிவுகள் அத்தனையையும் ரத்து செய்தோம். கட்டுப்பாட்டு பீக்கர் மட்டும் இல்லாதிருந்தால், ஒரு பாவமும் அறியாத ஏதோ ஒரு ஆலையின் தண்ணீரைக் கொடிய நஞ்சு என்று எழுதியிருப்போம். தவறு எந்தப் பக்கமும் சாயலாம். மீன் தொட்டியில் கட்டுப்பாடு இல்லை என்று நான் குறை சொல்வது ஆலைக்கு எதிராக மட்டும் அல்ல.

உயிர்களே சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. தெரிந்த நஞ்சைத் தெரிந்த அளவில் கொடுப்பது. டாஃப்னியா மேக்னாவுக்குப் பொட்டாசியம் டைகுரோமேட். 24 மணியில் பாதியை முடக்கும் அளவு லிட்டருக்கு 0.6-லிருந்து 2.1 மில்லிகிராமுக்குள் வர வேண்டும். அதற்கு வெளியே போனால் வளர்ப்பில் கோளாறு.

மீனைப் பற்றி எனக்கு ஒரு மனக்கஷ்டம் எப்போதும் உண்டு. 96 மணி நேரம் ஒரு மீன் திணறுவதைப் பார்த்துக்கொண்டு நேரம் குறிப்பது லேசான வேலை இல்லை. ஜெர்மனி 2005-லிருந்து கழிவுநீர்ச் சோதனையில் மீனை விட்டுவிட்டு மீன் முட்டைக்கு மாறிவிட்டது. பயன்படுவது ஜீப்ரா மீன், கங்கைச் சமவெளி ஓடைகளைச் சேர்ந்த நம் பக்கத்து மீன். முட்டை கண்ணாடித் துளி போல இருக்கும். இட்ட மறுநாளே உள்ளே இதயம் துடிக்கத் தொடங்குவது தெரியும். முட்டை வெளுத்துக் கலங்குகிறதா, துடிப்பு இருக்கிறதா, வால் மஞ்சள்கருவை விட்டுப் பிரிகிறதா என்று 48 மணியில் பார்த்தால் போதும். வேதனை உணரும் பருவத்துக்கு முன்பே விடை கிடைக்கிறது, தண்ணீரும் கொஞ்சமே போதும்.

இன்னும் வேகமாக வேண்டுமானால் ஒளிரும் பாக்டீரியா இருக்கிறது. அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற கடல் பாக்டீரியா உயிரோடு இருக்கும்போது நீலப்பச்சையாக ஒளிரும். நஞ்சு பட்டால் ஒளி மங்கும். 15 அல்லது 30 நிமிடத்தில் எண் கிடைத்துவிடும். நிறம் கனத்த சாயக் கழிவில் நிறமே ஒளியை மறைக்கும், அதற்குத் திருத்தம் செய்யாமல் எழுதினால் பொய்க் கணக்கு.

இதுவரை சொன்னதெல்லாம் ‘செத்ததா, முடங்கியதா’ என்ற கேள்வி. என்னை அதிகம் கலங்கவைப்பது அடுத்த கேள்வி. சாகாமல் இருக்கும் உயிருக்கு என்ன ஆகிறது? கப்பல் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்க டிரைபியூட்டைல்டின் கலந்த வண்ணம் பூசினார்கள். இங்கிலாந்துக் கடற்கரை நத்தைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. முட்டை வெளிவரும் வழி அடைபட்டு, கூட்டங்கூட்டமாக அற்றுப்போயின. அதற்குத் தேவைப்பட்ட அளவு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு நானோகிராம். ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. சாதாரண ஆய்வகம் காணவே முடியாத அளவை நத்தையின் உடம்பு காட்டியது. பிரான்ஸ் 1982-ல் சிறு படகுகளுக்குத் தடை விதித்தது, பிரிட்டன் 1987-ல். உலகக் கப்பல்களுக்கெல்லாம் தடை வந்தது 2008-ல். பிரிட்டன் ஆறுகளில், நகரச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கீழே கூண்டில் விட்ட ஆண் டிரவுட் மீன்களின் ரத்தத்தில், முட்டைக் கருவுக்கான புரதம் சுரந்ததை 1990-களில் கண்டார்கள். அந்த மீன்களும் உயிரோடு நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தன. உங்களுக்குக் காட்டிய தொட்டியைப் போலவே.

இரவு பகலாகக் காவல் இருக்கும் உயிர்களும் உண்டு. 1986 நவம்பர் 1 அதிகாலை சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே ஷ்வைட்சர்ஹாலேயில் சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு தீப்பற்றியது. அணைக்கப் பீய்ச்சிய தண்ணீரோடு டன் கணக்கில் பூச்சிக்கொல்லி ரைன் ஆற்றில் போனது. ஆறு சிவந்தது. சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்தன. அதன் பிறகு ரைன் கரையில் ஆற்று நீரை இடைவிடாமல் நீர்த்தெள்ளு, பாசி, மட்டி வழியாக ஓடவிட்டு, அவற்றின் நடத்தை மாறினால் மணி அடிக்கும் நிலையங்கள் பெருகின. போலந்தில் வார்சா நகரின் குடிநீர் எடுக்கும் இடத்தில் எட்டு ஆற்று மட்டிகள் இந்த வேலையில் இருக்கின்றன. ஓட்டில் சிறு உணரி ஒட்டியிருக்கும். மட்டி வாயைத் திறந்துவைத்துத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும், கெட்ட தண்ணீர் வந்தால் இறுக மூடிக்கொள்ளும். ஒன்று மூடினால் அதன் சொந்த விவகாரம். பல ஒன்றாக மூடினால் எச்சரிக்கை. மூன்று மாதம் போல வேலை பார்த்த பிறகு அவற்றை மறுபடி இயற்கை நீர்நிலையில் விட்டுவிட்டு வேறு மட்டிகளை வைக்கிறார்கள், அங்கேயே இருந்தால் அந்தத் தண்ணீருக்குப் பழகிவிடும் என்பதால். சிங்கப்பூரில் பி.யு.பி. குடிநீர் வாரியம் தொட்டி மீன்களைக் கேமராவால் கண்காணிக்கிறது. மீன் தொட்டி வைப்பதில் தவறே இல்லை. பதிவும் மாற்று ஏற்பாடும் இருந்தால் அது அருமையான காவல்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது ஓடையின் அடித்தளம்தான் என்று நினைக்கிறேன். பாட்டிலில் பிடித்த தண்ணீர் சாம்பிள் அந்த நிமிடத்தின் கதையை மட்டும் சொல்லும். இரவு இரண்டு மணிக்குத் திறந்துவிட்ட கழிவு, அதிகாரி வரும் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கல்லுக்கடியில் வாழும் பூச்சியால் அப்படிப் போக முடியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே இருந்து வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடை ஒன்றில் கல்லைப் புரட்டினால், தட்டையாக ஒட்டிக்கொண்டு வயிற்றோரம் செவுள்களை விசிறும் மேஃப்ளை இளம்பூச்சிகள் இருக்கும். மணலை ஒட்டிக் கூடு கட்டிய கேடிஸ்ஃப்ளை புழுக்கள் இருக்கும். இவை நல்ல ஆக்சிஜன் வேண்டுபவை. மாசு ஏற ஏற இவை மறைந்து நத்தையும் அட்டையும் மிஞ்சும். அப்புறம் சிவப்பு நிற ரத்தப்புழு, மீன் தீனியாக விற்கும் டியூபிஃபெக்ஸ். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். ஆக்சிஜன் அற்ற சேற்றில் கிடைப்பதைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு. பிரிட்டனில் 1976-ல் அமைந்த உயிரியல் கண்காணிப்புக் குழு இவற்றுக்கு மதிப்பெண் வகுத்தது. மேஃப்ளைக் குடும்பங்கள் பலவற்றுக்கு 10, ரத்தப்புழுக் குடும்பத்துக்கு 2, டியூபிஃபெக்ஸ் வகைக்கு 1. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதைத் தழுவி நீலம், வெளிர்நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று ஐந்து வகுப்பு வைத்திருக்கிறது.

கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று பார்த்து ஒப்பிடுங்கள். அடித்தளம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேலே கல், கீழே சேறு என்றால் பூச்சி மாறுவதற்குச் சேறே போதுமான காரணம். வெள்ளம் போன இரண்டு மூன்று வாரத்தில் பார்க்காதீர்கள், எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

ஓடையில் மீன் செத்து மிதந்தால் அவசரப்பட்டு நஞ்சு என்று சொல்லிவிடாதீர்கள். விடியலுக்குச் சற்று முன், பெரிய மீன்கள் முதலில், வாயை மேலே நீட்டித் திணறிச் செத்து, விராலும் தேளியும் மட்டும் பிழைத்திருந்தால் அது பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறை. முதல் மழையில் சாக்கடை அடித்துக்கொண்டு வரும்போது இப்படி நடக்கும். நேரம் காலம் இல்லாமல், குஞ்சுகள் முதலில், விரால் உட்பட எல்லாம் சுழன்று சுழன்று செத்தால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். மீன் நன்றாக இருக்க, கூனி இறாலும் நீர்ப்பூச்சிகளும் மட்டும் செத்தால் மேலே யாரோ பூச்சிக்கொல்லி தெளித்திருக்கலாம். இந்த விவரங்களை அன்றே, நேரத்தோடு, போட்டோவோடு எழுதிவைத்தால் எந்த ஆய்வகமும் நன்றி சொல்லும்.

நஞ்சு இருக்கிறது என்று தெரிந்த பிறகு அது எது என்று கண்டுபிடிக்கவும் அதே உயிர்கள் உதவும். மாதிரியைப் பல பங்காகப் பிரிப்போம். ஒன்றில் காற்றை ஊதுவோம், ஒன்றில் குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட், ஒன்றில் உலோகங்களைக் கட்டிப்போடும் இ.டி.டி.ஏ., ஒன்றைக் கரிமச் சேர்மங்களைப் பிடிக்கும் வடிகுழாய் வழியாக விடுவோம், ஒன்றில் பி.எச். மாற்றுவோம். பிறகு எல்லாவற்றிலும் நீர்த்தெள்ளு. எந்தப் பங்கில் பிழைக்கிறதோ அதில் நீக்கியதுதான் குற்றவாளி. கலிஃபோர்னியாவில் நகரக் கழிவுநீர் ஏன் கொல்கிறது என்று தேடிப்போய் இந்த வழியில்தான் டயசினானைப் பிடித்தார்கள், வீட்டில் எறும்புக்கும் கரப்பானுக்கும் அடித்த மருந்து.

கண்டுபிடித்ததை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆலைக் கழிவின் பாதரசத்தால் ஊரே நோயுற்ற ஜப்பானின் மினமாட்டாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1959-ல் சிஸ்ஸோ ஆலை மருத்துவமனையின் மருத்துவர் ஹோசோகாவா, ஆலைக் கழிவுநீரை உணவில் கலந்து பூனை ஒன்றுக்குக் கொடுத்தார். 400-ம் எண் பூனை. அக்டோபரில் அதற்கு வலிப்பு வந்தது, ஊர் மக்களுக்கு வந்த அதே நோய். நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. கழிவு 1968 வரை கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

எனவே நீங்கள் கேட்க வேண்டியது அறிக்கையை. 96 மணி நேர உயிர்ச் சோதனை எந்தத் தேதியில், எந்த மீனில், எந்த ஆய்வகத்தில் நடந்தது, கட்டுப்பாட்டில் எத்தனை பிழைத்தன என்ற விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்கலாம். சாயக் கழிவாக இருந்தால் டி.டி.எஸ். என்ற கரைந்த உப்புகளின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். தமிழ்நாட்டில் வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். உப்பு நீரில் ஜிலேபி கொழுத்து வளரும், தோட்டத்துக் கிணறு கெட்டுப்போகும். நொய்யல் கரை விவசாயிகளுக்கு இது புதிய செய்தி இல்லை.

நீங்களே செய்து பார்க்கக் கூடியது வெங்காயச் சோதனை. 1938-லிருந்து அறிவியலில் இருக்கும் முறைதான். பூச்சி மருந்தோ முளைத்தடுப்பு மருந்தோ படாத, ஒரே அளவான வெங்காயம் இருபத்து நான்கு எடுங்கள். வெளிச் சருகை உரித்து, அடியில் காய்ந்த பழைய வேரைக் கத்தி நுனியால் சுரண்டுங்கள், சுற்றியுள்ள வேர் வளையம் காயப்படக் கூடாது. சிறு குப்பிகளின் வாயில், அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடும்படி உட்கார வையுங்கள். பன்னிரண்டு ஓடை நீரில், பன்னிரண்டு நம்பகமான கிணற்று நீரில். ஆர்.ஓ. தண்ணீரும் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரும் வேண்டாம். நிழலில் வைத்துத் தினமும் பழையதைக் கொட்டிவிட்டு அதே வகை நீரைப் புதிதாக ஊற்றுங்கள். ஓடை நீரை வாய் வரை நிரப்பிய பாட்டிலில் ஐஸ் பெட்டியில் வைத்திருங்கள், மாற்றுவதற்கு முன் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். நான்காம் நாள் ஒவ்வொரு வெங்காயத்தின் வேர்க்கற்றையையும் அளவுகோலில் வைத்து எழுதுங்கள். நல்ல நீரில் வேர் வெள்ளையாக, நேராக இறங்கியிருக்கும். நஞ்சுள்ள நீரில் குட்டையாக நிற்கும், நுனி பழுப்பாகும், சில கொக்கி போல வளையும்.

வேர் குட்டையாக இருந்தால் காரணம் உப்பாகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம். அதனால் டி.டி.எஸ். மீட்டரில் இரண்டு நீரையும் அளந்து பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஓடை நீரில் வளர்ந்த வேர், கிணற்று நீரில் வளர்ந்ததில் பாதி நீளம்கூட இல்லாவிட்டால், அன்றே மறுபடி மாதிரி எடுங்கள். இந்த முறை இரண்டு பாட்டில், காற்று இடைவெளி இல்லாமல், தேதி, மணி, இடம் எழுதி ஒட்டி, ஐஸில் வைத்து, 36 மணி நேரத்துக்குள் உயிர்ச் சோதனை செய்யும் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு பாட்டில் கழிவு விழும் குழாயடியில், மற்றொன்று அதற்கு மேலே ஓடையில்.